பழைய தியேட்டரைக் கச்சேரி அரங்கமாக மாற்றுவது: எதை இடிக்கணும், எதை விட்டுவைக்கணும்? (கிருஷ்ணகிரி)

பேட்டைவாசி:

வணக்கம். கிருஷ்ணகிரி பழைய பேட்டைப் பக்கம் படம் ஓட்டுவதை நிறுத்திய ஒரு ஒற்றைத் திரை தியேட்டரைக் குத்தகைக்கு எடுக்கும் பேச்சு நடக்கிறது. மெல்லிசைக் கச்சேரி, நாதஸ்வரம், ஓசூர் பக்கத்துத் தெலுங்கு, கன்னடப் பாட்டுக் குழுக்கள், மாதம் ஒரு தெருக்கூத்து. இதுதான் திட்டம். 600 பேர் உட்கார வேண்டும்.

ஹால் உள்ளளவு நீளம் 100 அடி, அகலம் 60, சராசரி உயரம் 24. இரும்பு டிரஸ் (கூரையைத் தாங்கும் சட்டகம்), மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், கீழே கிழிந்து தொங்கும் ஃபால்ஸ் சீலிங். பின்னால் சின்ன பால்கனி. நாற்காலிகளைப் பழைய உரிமையாளர் விற்றுவிட்டார். திரைக்குப் பின்னால் 5 அடி இடம்தான். ஆபரேட்டர் ரூமில் கார்பன் விளக்குப் புரொஜெக்டர் ஒன்றும் செனான் விளக்கு வைத்தது ஒன்றும் கிடக்கின்றன.

உள்ளே கைதட்டினால் சத்தம் அடங்கவே மாட்டேன் என்கிறது. எதில் தொடங்குவது? இன்னொன்று, முன்கூடத்தில் தியேட்டரின் வரலாற்றை எழுதி மாட்ட ஆசை. ஆளுக்கொரு வருடம் சொல்கிறார்கள். சரியான தகவலை எங்கே எடுப்பது?

டிரஸ்கணக்கு:

முதல் பணம் கூரைக்கு. மேடையும் ஸ்பீக்கரும் அப்புறம்.

டிரஸ் நடுவில் பார்க்க நன்றாக இருக்கும். கெடுவது சுவர் மேல் உட்காரும் முனையில். ஷீட் ஓரத்தில் கசியும் மழைத்தண்ணீர் அங்கேதான் தேங்கும். சாரம் போட்டு ஒவ்வொரு முனையிலும் துருவைச் சுரண்டி, மிச்சமிருக்கும் இரும்பின் கனத்தை அல்ட்ராசோனிக் கேஜ் வைத்து அளக்கச் சொல்லுங்கள். பெயின்ட் அடித்த துருவைக் கண்ணால் பார்த்து "நல்லா இருக்கு" என்று எழுதித் தரும் சான்றிதழ் காகிதச் செலவு.

ஏன் இவ்வளவு கறார் என்றால், அந்த டிரஸ் ஷீட்டையும் லேசான ஒரு சீலிங்கையும் தாங்கத்தான் போடப்பட்டது. மழைச் சத்தம் உள்ளே வராமலிருக்க 12.5 மி.மீ ஜிப்சம் போர்டு இரண்டு அடுக்கு, அதன் மேல் 50 மி.மீ ராக்வூல் (கல் இழைப் பஞ்சு), தாங்கும் சட்டம் எல்லாம் சேர்த்தால் சதுர மீட்டருக்கு 24 கிலோ பக்கம் வரும். உங்கள் கூரை சுமார் 557 சதுர மீட்டர். ஆக 13 டன்னுக்கு மேல் புதுப் பாரம். டிரஸ் தாங்காது என்று கணக்கு வந்தால், சுவரை ஒட்டி உள்ளே தனித் தூண் எழுப்பி சீலிங்கை அதில் உட்கார வைக்க வேண்டியதுதான்.

ஆஸ்பெஸ்டாஸை மாற்றிக் கலர் ஷீட் போட்டால் மழைச் சத்தம் கூடும், குறையாது. ஷீட்டைக் கழற்றுவதாக இருந்தால் சுத்தியலால் உடைத்துத் தள்ள விடாதீர்கள். நனைத்துக்கொண்டே, ஷீட்டைப் பிடித்திருக்கும் ஜே போல்ட்டை அறுத்து முழு ஷீட்டாக இறக்கணும். வேலையாட்களுக்குத் துணி மாஸ்க் போதாது, நுண்தூசி வடிகட்டும் மாஸ்க் வேண்டும். பாலித்தீனில் சுற்றி, அபாயக் கழிவு எடுக்கும் இடத்துக்கு அனுப்புங்கள். நம் பக்கத்தில் மாட்டுக் கொட்டகைக்குக் கேட்டு ஆள் வரும். உடைந்த ஷீட்டைக் கொடுக்காதீர்கள், அந்த நார்த்தூசி நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது.

ஸ்பீக்கர், லைட் எதையும் பழைய டிரஸ்ஸில் கட்டித் தொங்கவிடக் கூடாது. தரையிலிருந்து எழும் பாக்ஸ் டிரஸ் டவர்தான்.

ஒலிக்காரர்:

கைதட்டல் அடங்காததற்குக் காரணம் சுலபம். ஹாலின் கொள்ளளவு சுமார் 4,080 கன மீட்டர். உள்பரப்பு மொத்தம் 1,830 சதுர மீட்டர். பூச்சுச் சுவர், சிமெண்ட் தரை, ஷீட் எல்லாம் ஒலியில் நூற்றுக்கு ஐந்து பங்கை உறிஞ்சும் என்று வைத்தால் 91 சதுர மீட்டர் உறிஞ்சுபரப்பு, அதாவது விழும் ஒலியை முழுக்க விழுங்கும் அவ்வளவு பரப்புக்குச் சமம். சத்தம் அடங்க ஆகும் நேரத்தைத் தரும் சாபின் சூத்திரப்படி 0.161 பெருக்கல் 4,080 வகுத்தல் 91. ஏழு விநாடி முழக்கம்! அதில் பேசினால் அடுத்த வாக்கியம் முந்தையதன் மேல் ஏறும்.

உங்கள் நிகழ்ச்சிகளுக்கு 1.2 விநாடி நல்ல குறி. முழுக்க மெல்லிசைதான் என்றால் 1 விநாடி. 1.2-க்கு வேண்டியது 547 சதுர மீட்டர் உறிஞ்சுபரப்பு. உட்கார்ந்திருக்கும் ஆள் ஒருவர் சுமார் 0.45 தருவார், 600 பேருக்கு 270. மீதி 277-ஐ நாம் கட்டணும். பின்சுவர் முழுக்க ராக்வூல் பேனல் போட்டால், துவாரங்கள் கழித்து 100 வரும். சீலிங்கில் பாதியைத் துளையிட்ட பலகையும் ராக்வூலுமாகச் செய்தால் 167. மேடைத் திரைச்சீலை மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். இது நடுச்சுருதிகளுக்கான கணக்கு. 125 ஹெர்ட்ஸுக்குத் தனியாகப் போடணும், கீழே சொல்கிறேன்.

சீலிங் முழுவதையும் உறிஞ்சும்படி செய்துவிடாதீர்கள். மேடைக்கு மேலும் அதை ஒட்டிய முன்பகுதியிலும் கெட்டியான ஜிப்சம் இருக்கட்டும். நாதஸ்வரத்துக்கும் கூத்துக்காரர் குரலுக்கும் அந்தப் பலகைதான் மைக் இல்லாமலே பின்வரிசைக்குக் கொண்டுபோகும். பின்பாதியை மட்டும் உறிஞ்ச விடுங்கள்.

பின்சுவரை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், மேடையில் கிளம்பிய சத்தம் 100 அடி போய், மோதி, 100 அடி திரும்பி வர 0.17 விநாடிக்கு மேல் ஆகும். அது நீளும் முழக்கமாக அல்ல, தனியாக இன்னொரு அடியாகவே கேட்கும். தவில்காரரும் மிருதங்கக்காரரும் தாங்கள் அடித்ததையே பின்னால் கேட்டுத் தாளம் தடுமாறுவார்கள். படம் ஓட்டியபோது ஸ்பீக்கருக்கு எதிரே யாரும் நின்று வாசிக்கவில்லை, அதனால் யாருக்கும் தெரியவில்லை. அங்கே 50 மி.மீ போதாது. கனமீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி ராக்வூல் 100 மி.மீ, சுவரிலிருந்து இன்னும் 50 மி.மீ இடைவெளி விட்டு. மேலே கண்ணாடி இழைத் துணி, அதற்கு மேல் சாதாரணத் துணி.

இரண்டு நீளச் சுவர்களும் நேருக்கு நேர் இருப்பதால் நடுவில் நின்று தட்டினால் "டிர்ர்ர்" என்று ஒரு நடுக்கம் வரும். அதற்கு முழுச் சுவரையும் மூட வேண்டாம். 4 அடி அகலப் பேனல்களை ஒரு பக்கம் இருக்கும் இடத்தில் எதிர்ப்பக்கம் இல்லாதபடி மாற்றி மாற்றி வையுங்கள்.

பெரும்பாலும் கோட்டை விடுவது கீழ்ச்சுருதியில். மெல்லிய ராக்வூல் 125 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒன்றும் செய்யாது. பம்பையும் சப்-வூஃபரும் சேர்ந்தால் ஹால் உறுமும், பாட்டு வரிகள் மூழ்கும். மேடையின் இரு பின் மூலைகளிலும் 9 மி.மீ பிளைவுட்டை 4 அங்குல இடைவெளியில் பெட்டியாக அடித்து உள்ளே ராக்வூல் வையுங்கள். பலகையே அதிர்ந்து கீழ்ச்சுருதியைத் தின்னும். சப்-வூஃபர்களை இரு மூலைகளில் பிரிக்காமல் நடுவில் சேர்த்து வைத்தால் பாதிப் பிரச்சினை குறையும்.

நாற்காலி வாங்கும்போது மெத்தை வைத்ததாகப் பாருங்கள். பிளாஸ்டிக் நாற்காலி என்றால் ஆள் இல்லாத ஹாலில் முழக்கம் 2.4 விநாடிக்கு ஏறிவிடும். மாலை ஒத்திகையில் சரிசெய்த மிக்ஸிங் ராத்திரி கூட்டம் வந்ததும் வேறாகக் கேட்கும். 600 பேர் எதிர்பார்த்த இடத்தில் 150 பேர் வந்தால் இன்னும் மோசம்.

கூத்துமேடை:

ஒலியை அண்ணன் சொல்லிவிட்டார். மேடைக்கு வருகிறேன்.

சினிமா தியேட்டரில் தரைச் சரிவு கண்ணை மேல்நோக்கித் திரைக்கு அனுப்பப் போட்டது. கூத்துக்கு வேண்டியது காலடி. சலங்கை கட்டிய கால் தெரியவில்லை என்றால் பாதிக் கூத்து போயிற்று. ஒருவர் மேடை விளிம்பு வரும் இடத்தில் ஒரு கம்பு நடட்டும், இன்னொருவர் ஒவ்வொரு வரிசையிலும் உட்கார்ந்த கண் உயரத்தில் நூலைப் பிடிக்கட்டும். முன்வரிசைத் தலை நூலில் இடிக்கிறதா என்று பார்த்து மேடை உயரத்தை முடிவு செய்யுங்கள். பெரும்பாலும் 3 அடியிலிருந்து 3½ அடிக்குள் வரும். பால்கனி முதல் வரிசையில் கைப்பிடிச் சுவர் மேடை விளிம்பை மறைக்கும். அந்தச் சுவரை இடித்து உயரம் குறைக்காதீர்கள், ஆள் விழுந்துவிடும். மேல்பாதியைக் கம்பி கிராதியாக்குங்கள்.

ஆழம் 24 அடியாவது வேண்டும். திரைச் சட்டத்தை எடுத்தால் 5 அடி கிடைக்கும், மீதி 19 அடி ஹாலுக்குள்தான் வரணும். போகப்போவது அண்ணாந்து பார்த்த தரை டிக்கெட் வரிசைகள், வருத்தப்பட வேண்டாம். 50×50×3 மி.மீ இரும்புச் சட்டம் 2 அடி இடைவெளியில், மேலே 18 மி.மீ பிளைவுட் இரண்டு அடுக்கு, இணைப்புகள் ஒன்றன்மேல் ஒன்று வராமல். கட்டடப் பாரத்துக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 875 மேடைக்குச் சதுர மீட்டருக்கு 5 கிலோநியூட்டன் கேட்கிறது, அதாவது சுமார் 500 கிலோ. பந்தல்காரர் மேசையை அடுக்கிப் போடும் மேடை இதற்கு ஆகாது. உள்ளே வெற்றாக விட்டால் ஒவ்வொரு மிதிக்கும் பானை மாதிரி முழங்கும். பழைய ராக்வூல் துண்டுகளை அடியில் போடுங்கள்.

தியேட்டர்களில் திரைப் பக்கம் ஒப்பனை அறையும் கழிப்பறையும் இருக்காது. கூத்துக்கு முகம் எழுத மணிக்கணக்காகும், கட்டை எனும் மர அணிகளைக் கட்ட இடம் வேண்டும். தண்ணீர் வசதியோடு 12×15 அடியில் ஒரு அறையாவது பின்னால் போடுங்கள்.

பேட்டைவாசி:

மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். நம் ஊரில் கிரானைட் மலிவு, குவாரி உடைசல் கேட்டாலே கிடைக்கும். பக்கச் சுவரில் ஒட்டலாமா? ராக்வூல் விலைக்குப் பதில், முட்டை அட்டை போல இருக்கும் ஃபோம் ஷீட் ஆன்லைனில் பாதி விலைக்கு வருகிறது. அது ஆகுமா?

ஒலிக்காரர்:

கிரானைட் முன்கூடத்துக்கு மட்டும். ஹாலுக்குள் அது கண்ணாடிக்குச் சமம், நூற்றில் ஒரு பங்குகூட உறிஞ்சாது. பாலிஷ் போடாத, முரடாக உடைத்த கல்லை மேடையை ஒட்டிய பக்கச் சுவரில் ஏற்ற இறக்கமாகப் பதித்தால் ஒலியைச் சிதறடிக்கும், அது நல்லது. ஆனால் ஏற்ற இறக்கம் 6 அங்குலமாவது இருக்கணும். அரை அங்குல முரட்டுத்தனம் அலங்காரம் மட்டும்தான்.

ஃபோமுக்கு அடுத்தவர் பதில் சொல்வார் என்று நினைக்கிறேன்.

நாலுவாசல்:

ஃபோம் கூடவே கூடாது. தர்மாகோலும் கூடாது. 2003-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் தி ஸ்டேஷன் என்ற இசை விடுதியில் மேடை வாணம் சுவரில் ஒட்டிய பாலியூரித்தேன் ஃபோமைப் பிடித்து 100 பேர் செத்தார்கள். 2013-இல் பிரேசிலின் கிஸ் விடுதியில் 242 பேர், அங்கும் சீலிங் ஃபோம்தான். எரியும் ஃபோம் சயனைடு வாயுவைக் கக்கும், சீக்கிரமே ஆள் விழுவார்.

நம் நாட்டில் 1997 ஜூன் 13, டெல்லி உப்ஹார் தியேட்டர். கீழே டிரான்ஸ்ஃபார்மர் எரிந்தது, புகை மேலே பால்கனிக்குப் போனது. கூடுதல் நாற்காலி போட்டு ஒரு பக்க நடைவழியை அடைத்திருந்தார்கள், கதவு பூட்டியிருந்தது. 59 பேர். உங்கள் பழைய தியேட்டரிலும் இதே மூன்றையும் பாருங்கள்: டிரான்ஸ்ஃபார்மரும் ஜெனரேட்டரும் எங்கே இருக்கின்றன, பால்கனிக்கு இரண்டு பக்கமும் படி இருக்கிறதா, நடைவழியில் பின்னாளில் சேர்த்த இருக்கைத் தடம் தரையில் தெரிகிறதா. டிக்கெட் இல்லாமல் நுழைவதைத் தடுக்க வாசலுக்கு ரோலிங் ஷட்டர் போட்டிருப்பார்கள், அதை அறுத்து எடுங்கள். வெளிநோக்கித் திறக்கும் கதவும் உள்ளிருந்து தள்ளினால் திறக்கும் கம்பியும் போதும். வாணம், குளிர்வாணம் எதையும் உள்ளே அனுமதிக்க மாட்டோம் என்று வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

மின்சாரத்தில் ஒரே ஒரு விஷயம். ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்று இரைச்சல் வந்தால் சில ஆட்கள் எர்த் பின்னைக் கழற்றிவிடுவார்கள். இரைச்சல் போகும், பாடகர் மைக்கைத் தொடும்போது உயிரும் போகலாம். மிக்ஸர், ஆம்ப், மேடை பிளக் எல்லாவற்றுக்கும் எர்த் ஒரே புள்ளியிலிருந்து வரட்டும். மேடை பிளக்குகளுக்கு 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம்.

பதிவறை:

வரலாற்றுக் கேள்விக்கு யாரும் வரவில்லை, நான் சொல்கிறேன்.

வருடம் மாறி மாறிச் சொல்வதற்குக் காரணம், காகிதங்கள் மூன்று ஊரில் பிரிந்து கிடப்பது. கிருஷ்ணகிரி 1965 அக்டோபர் வரை சேலம் மாவட்டம். பிறகு தர்மபுரி மாவட்டம். 2004 பிப்ரவரி 9-இல்தான் தனி மாவட்டம். சினிமா உரிமம் தருவது ஆட்சியர். ஆகவே தியேட்டர் 1965-க்கு முந்தியது என்றால் முதல் கோப்பைச் சேலம் ஆட்சியரகப் பதிவறையில் தேடணும், அடுத்த நாற்பது வருடத்துப் புதுப்பிப்புகளைத் தர்மபுரியில். கிருஷ்ணகிரியில் மட்டும் கேட்டுவிட்டு "இல்லை" என்று வந்தால் அது பதிலே இல்லை.

கேட்க வேண்டியது 1955-ஆம் ஆண்டு சினிமா ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் வந்த சி படிவ உரிமக் கோப்பு. அதோடு கட்டட வரைபடம் இருக்கும், எந்த வகுப்புக்கு எத்தனை இருக்கை என்ற கணக்கும் இருக்கும். தகவல் அறியும் உரிமை மனுவில் "வரலாறு தருக" என்று எழுதினால் திரும்பிவிடும். புல எண், தெரு, தியேட்டருக்கு மாறி மாறி இருந்த பெயர்கள் எல்லாம் எழுதி, "வரைபடத்தின் நகல், முதல் உரிம ஆணையின் நகல்" என்று குறிப்பாகக் கேளுங்கள். உரிமையாளர் மாறிய விவரத்துக்கு வில்லங்கச் சான்று. 1975-க்கு முந்தையதைப் பெரும்பாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் கைத்தேடல் மனு போட்டே வாங்கணும். படப் பாட்டுப் புத்தகங்கள், விளம்பர நோட்டீஸ்களுக்குச் சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போய்ப் பாருங்கள்.

சும்மா "கட்டியது இந்த வருடம்" என்று எழுதாதீர்கள். டூரிங் டாக்கீஸாகத் தொடங்கி, அதே இடத்தில் பின்னால் நிரந்தரக் கட்டடம் எழுந்த தியேட்டர்கள் நம் பக்கம் உண்டு. முதல் காட்சி, நிரந்தர உரிமம், பால்கனி கட்டியது, கார்பனிலிருந்து செனானுக்கு மாறியது என்று தனித்தனியாக எழுதினால் ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் மூன்று வருடமும் ஒரே நேரத்தில் சரியாக இருக்கக்கூடும்.

கட்டடமே சில சாட்சி சொல்லும். டிக்கெட் கவுண்டருக்குப் போகும் ஒற்றையாள் சந்துகள் வகுப்புக்கு ஒன்றாக இருக்கும், ஒன்றையாவது இடிக்காமல் விடுங்கள். ஹாலுக்குள் தரை, பெஞ்சு, நாற்காலி வகுப்புகளைப் பிரித்த குட்டைச் சுவர்கள் வெளியேறும் வழிக்குத் தடை, எடுத்துவிட்டு அந்தக் கோட்டில் மட்டும் வேறு நிறக் கல் பதியுங்கள். இங்கே உங்கள் கிரானைட் உதவும். ஆபரேட்டர் ரூமின் கனத்த சுவரும், துவாரங்களின் மேல் விழும் இரும்புத் தகடும், எளிதில் தீப்பிடிக்கும் நைட்ரேட் ஃபிலிம் பற்றிய பயத்தின் மிச்சம். அந்த ஃபிலிம் தயாரிப்பு 1950-களின் தொடக்கத்தில் நின்றுபோனது, கட்டட விதி மட்டும் தொடர்ந்தது.

காட்சிக்கு வைப்பதில் கவனம். செனான் விளக்கு அணைந்திருக்கும்போதும் உள்ளே அழுத்தம் அதிகம், கீறல் பட்டாலே வெடிக்கக்கூடும். முகமூடி, தடித்த கையுறை போட்டு, தெரிந்தவரை வைத்து விளக்கைக் கழற்றிவிட்டு வெறும் கூண்டை வையுங்கள். விளக்குக்கு டிசி மின்சாரம் தரும் பழைய ரெக்டிஃபையரில் கண்ணாடிக் குடுவையும் அடியில் பாதரசமும் இருந்தால் தொடவே வேண்டாம். ரீல் பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாசனை அடித்தால் அது அசிடேட் ஃபிலிம், கெட்டுக்கொண்டிருக்கிறது, மற்ற ரீல்களிலிருந்து பிரித்து வையுங்கள். பழுப்புத் தூளாகவோ பிசினாகவோ இருந்தால் நைட்ரேட்டாக இருக்கலாம், தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிடுங்கள்.

ஒப்பீட்டுக்கு வெளிநாட்டு உதாரணம் எழுதுவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. செயின்ட் லூயிஸில் 1925-இல் வந்த பட மாளிகை 1968-இல் பவல் ஹால் ஆனது, பிட்ஸ்பர்கில் 1927-இல் வந்தது 1971-இல் ஹைன்ஸ் ஹால் ஆனது. அவை ஊமைப்படக் காலத்தவை, வாத்தியக் குழுவுக்கும் மேடை நிகழ்ச்சிக்கும் இடம் வைத்தே கட்டியவை. மும்பை ராயல் ஓபரா ஹவுஸ் அதற்கும் மேல், நாடக அரங்கமாகவே பிறந்து 1935-இல் சினிமாவுக்குப் போய், 1993-இல் மூடி, 2016-இல் மேடைக்கே திரும்பியது. பேசும் படக் காலத்தில் வெறும் திரைக்காகக் கட்டிய நம் தியேட்டரை அவற்றோடு ஒப்பிட்டால் செலவுக் கணக்கு தப்பும்.

நாலுவாசல்:

அனுமதி பற்றிச் சுருக்கமாக. சி உரிமம் படம் காட்டத்தான், கச்சேரிக்குச் செல்லாது. 1965-ஆம் ஆண்டு பொதுக் கட்டட உரிமச் சட்டமா, 1888-ஆம் ஆண்டுப் பொதுக் கேளிக்கை இடச் சட்டமா, உங்கள் கட்டடத்துக்கு எது என்று தாசில்தார் அலுவலகத்தில் எழுத்தில் வாங்குங்கள். கட்டட உறுதி, தீயணைப்பு, மின் ஆய்வாளர், சுகாதாரம், நான்கு சான்றும் எப்படியும் கேட்பார்கள்.

2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதியில் இரவு 10-க்குப் பின் ஒலிபெருக்கித் தடை, மூடிய அரங்குக்கு விலக்கு உண்டு. ஆனால் குடியிருப்புப் பகுதிக்கு இரவு வரம்பு 45 டெசிபல்தான். ஷீட் கூரை வழியே சப்-வூஃபர் வெளியே வரும், விடிய விடியக் கூத்து வைப்பதற்கு முன் பக்கத்து வீட்டு வாசலில் மீட்டர் வைத்து அளந்துவிடுங்கள். சினிமாப் பாட்டை மேடையில் பாடினால் பாடலாசிரியர், இசையமைப்பாளர் உரிமைச் சங்கமான ஐபிஆர்எஸ் தரும் உரிமம் தனி. நுழைவுக் கட்டணம் தலைக்கு 500 ரூபாய்க்குள் இருந்தால் இசை நிகழ்ச்சிக்கு ஜிஎஸ்டி இல்லை.

பேட்டைவாசி:

கடைசியாக ஒன்று. மிக்ஸரை ஆபரேட்டர் ரூமிலேயே வைத்துவிட்டால் ஹாலில் இடம் மிச்சமாகுமே?

ஒலிக்காரர்:

வேண்டாம். சின்னத் துவாரம் வழியே கேட்டு மிக்ஸ் செய்பவர் எப்போதும் சத்தத்தைக் கூட்டித்தான் வைப்பார். மேடையிலிருந்து 55-60 அடியில், நட்டநடுக் கோட்டிலிருந்து கொஞ்சம் விலகி, பால்கனி நிழலுக்கு வெளியே 8×8 அடி ஒதுக்குங்கள். பன்னிரண்டு இருக்கை போகும். டிஜிட்டல் மிக்ஸர் என்றால் மேடைப் பெட்டிக்கு ஒரு கேட்6 (கம்ப்யூட்டர் நெட்வொர்க்) ஒயர் போதும், கூடவே ஒன்று உபரியாக இழுத்து வையுங்கள், எலி கடிக்கும்.

பால்கனிக்கு அடியில் உட்காருபவர்களுக்குச் சின்ன ஸ்பீக்கர்கள் தனியாக வேண்டும். முதன்மை ஸ்பீக்கரிலிருந்து 60 அடி தள்ளி என்றால் சத்தம் வந்து சேர 52 மில்லிவிநாடி ஆகும், இன்னும் 10 சேர்த்து 62-இல் தாமதம் வையுங்கள். அப்போதுதான் பாட்டு தலைக்கு மேலிருந்து வராமல் மேடையிலிருந்து வருவதுபோல் இருக்கும்.

ஆபரேட்டர் ரூமை மேடையில் ஆளைப் பின்தொடரும் ஃபாலோ ஸ்பாட் லைட்டுக்கு விடுங்கள். துவாரம் மேடையைப் பார்த்தே இருக்கிறது, பழைய கண்ணாடியை மட்டும் கழற்றிவிட்டு, விளக்கை இடம் வலம் திருப்பும் அளவுக்குத் துவாரத்தின் அகலத்தைக் கூட்டணும். அந்தச் சுவர் பாரம் தாங்குவதா என்று டிரஸ்கணக்கு அவர்களைக் கேட்டுவிட்டு உளியை வையுங்கள்.